எஃப்7 விசையை அழித்த இரண்டு நிமிடம்

மெயின்டனன்ஸ் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு,

சென்ற ஆண்டு, ஓய்வு பெற்றபின் நான் வந்து எடுக்கும் பயிற்சி வகுப்பில், ஒரு காலைப் பொழுது உங்களோடு பேசிக்கொண்டிருந்தேன். முடியும் நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "சார், இத்தனை வருஷத்துல நீங்க பண்ணின பெரிய தப்பு எது?" என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டே ஒரு கதை சொன்னேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்துக்கொண்டு வோல்டேஜ் பார்க்கப் போய், பேனலோடு சேர்த்து என் புருவத்தையும் கருக்கிக்கொண்ட கதை. நீங்கள் கைதட்டிச் சிரித்தீர்கள். சாப்பாட்டு இடைவேளையில்கூட இரண்டு பேர் என் புருவத்தை உற்றுப் பார்த்துச் சிரித்தார்கள்.

அன்று மாலை அம்பத்தூரில் ரயில் ஏறினேன். ஆவடி வந்ததும் இறங்க வேண்டியவன், இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். இரண்டு ஸ்டேஷன் தாண்டித்தான் உறைத்தது. அந்தப் பெண் கேட்ட கேள்வி நேர்மையானது. நான் சொன்ன பதில் பொய். புருவம் கருகியது நடந்ததுதான், ஆனால் அதுவல்ல என் பெரிய தப்பு. இங்கே எழுதுவதுதான் பதில். இதைப் படித்தபின் என் மேல் உங்களுக்கு இருக்கும் மரியாதை குறையும். குறையட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நம் ஆலையின் பின்பக்கம், இப்போது பேக்கிங் நடக்கும் ஷெட்டில், முன்பு ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவு இருந்தது. பல்சக்கரங்களை உலையில் செக்கச்செவேல் என்று காய்ச்சி, எண்ணெய்த் தொட்டியில் இறக்கிக் குளிரவைப்பார்கள். அப்படிச் செய்தால்தான் இரும்பு கெட்டிப்படும். மூன்று உலைகள். ஒவ்வொன்றையும் கவனித்து ஓட்ட ஒரு கன்ட்ரோலர். மூன்றையும் கன்ட்ரோல் ரூமில் இருந்த ஒரே கம்ப்யூட்டரோடு கேபிள் போட்டு இணைத்திருந்தோம். அந்தக் கம்ப்யூட்டரில் படமோ பொத்தானோ கிடையாது. ஒரு டெர்மினல் ப்ரோக்ராம். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. நாம் டைப் செய்வது கேபிள் வழியே கன்ட்ரோலருக்குப் போகும், அது சொல்வது திரையில் வரும். இன்றைக்கும் ஒரு நெட்வொர்க் சுவிட்சையோ மோட்டார் டிரைவையோ முதன்முதலில் செட் செய்யும்போது நீங்கள் அப்படி ஒரு திரையைத் திறக்கத்தானே செய்கிறீர்கள், அதே சமாசாரம்தான்.

ஏதாவது கோளாறு என்றால் அலாரம் அடிக்கும். அடித்தவுடன் ஆபரேட்டர் பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போக வேண்டும். அலாரம் லிஸ்டைக் கேட்க வேண்டும். லிஸ்ட் வரும். படித்துவிட்டு, எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வதாகக் கட்டளை கொடுக்க வேண்டும். கடைசியில் கன்ட்ரோலர் ஒரு கேள்வி கேட்கும்: நிச்சயமாகவா? ஆம் என்பதற்கு ஒய் என்ற எழுத்தை அடித்தால் அலாரம் நிற்கும். அந்த ஒய் வருகிறவரை அடுத்த லோடை எண்ணெயில் இறக்க விடாது. யாரோ ஒருவர் பார்த்துவிட்டார் என்பதற்கு அந்த ஒரு எழுத்துதான் சாட்சி.

மூன்றாம் உலையின் ஃபேனில் ஒரு சென்சார் கெட்டுப்போயிருந்தது. ஃபேன் நன்றாகச் சுற்றும், சென்சார் மட்டும் ஃபேன் நின்றுவிட்டது என்று கத்தும். ஒரு ஷிஃப்டில் இருபது தடவை, முப்பது தடவை. புது சென்சார் வர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். உலையை ஒருநாள் நிறுத்தி வயரிங்கைப் பிரித்துப் பார்த்திருந்தால் தற்காலிகமாகவாவது சரி செய்திருக்கலாம். உற்பத்திப் பிரிவினர் நிறுத்த ஒப்பவில்லை. அவர்களோடு சண்டை போட வேண்டியது மெயின்டனன்ஸ் பொறுப்பில் இருந்த என் வேலை. அந்தச் சண்டையைப் போட எனக்கு அலுப்பாக இருந்தது.

அதற்குப் பதில் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். டெர்மினல் ப்ரோக்ராமில் மேல்வரிசை விசைகளுக்கு நாம் விரும்பும் வரிகளை ஒதுக்கி வைக்கலாம். ஒருமுறை அமுக்கினால் மொத்த வரியும் போய்விடும், நடுவில் எங்கே எண்டர், எங்கே அரை விநாடி பொறுக்க வேண்டும் என்பதெல்லாம்கூட அதிலேயே எழுதலாம். பாஸ்வேர்டு, லிஸ்ட், ஏற்பு எல்லாவற்றையும் கோத்து எஃப்7 விசையில் வைத்தேன். இப்படிக் கோத்து வைப்பதை மேக்ரோ என்பார்கள். முதலில் அது, நிச்சயமாகவா என்ற கேள்வியோடு நின்றுகொள்ளும். ஒய்யை ஆபரேட்டர்தான் அடிக்க வேண்டும். அத்தோடு விட்டிருக்கலாம். ஒரு வாரம் கழித்து, எதற்கு இரண்டு தடவை அமுக்க வேண்டும் என்று யாரோ கேட்டார்கள். ஒய்யையும் உள்ளே சேர்த்துவிட்டேன்.

கன்ட்ரோல் ரூமில் மூன்று ஷிஃப்டுக்கு மூன்று ஆபரேட்டர்கள், எல்லாரும் கான்ட்ராக்ட். பகல் ஷிஃப்டில் கலைவாணி. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்தவர், அயனம்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவார். அடுத்த ஆண்டு கம்பெனி ரோலில் நிரந்தரமாக எடுக்கப்போகிறவர்களின் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. புது எஃப்7ஐ அமுக்கிப் பார்த்துவிட்டு அவர் என்னைக் கூப்பிட்டார்.

"சார், லிஸ்டைப் படிக்கிறதுக்குள்ள அதுவே ஒய் போட்டுட்டுப் போயிடுதே?"

"படிச்சு என்னம்மா பண்ணப்போறே? எல்லாம் அந்த ஒரே ஃபேன்தானே."

"இல்ல சார், நடுவுல வேற எதனா வந்துச்சின்னா? அது கேக்குறது நம்மளத்தானே சார்?"

பக்கத்தில் இரண்டு சூப்பர்வைசர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் ஒரு கான்ட்ராக்ட் பெண் என் வேலையில் குறை சொல்கிறாரே என்றுதான் எனக்குப் பட்டது. "அமுக்குன்னா அமுக்கு. மத்த ரெண்டு ஷிஃப்டுலயும் யாரும் இதெல்லாம் கேக்கலையே" என்றேன். சூப்பர்வைசர்கள் சிரித்தார்கள். கலைவாணி திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சுமார் ஒன்றரை மாதம் எல்லாரும் எஃப்7ஐ அமுக்கினார்கள். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், கையை மட்டும் நீட்டி அமுக்கப் பழகிவிட்டார்கள். நானே அப்படி அமுக்கியிருக்கிறேன்.

அன்று காலை பத்தரை மணி இருக்கும். டீ வண்டி வந்து போயிருந்தது. எண்ணெய்த் தொட்டியைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்ப் டிரிப் ஆகி நின்றுவிட்டது. எண்ணெயின் சூடு ஏறத் தொடங்கியது. கன்ட்ரோலர் தன் கடமையைச் செய்தது, அலாரம் அடித்தது. கலைவாணி எஃப்7ஐ அமுக்கினார். அலாரம் நின்றது. சிவக்கக் காய்ந்த அடுத்த லோடு எண்ணெயில் இறங்கியது.

நான் ஆஃபீசில் இருந்தேன். கட்டடமே மூச்சு வாங்கியதுபோல் ஒரு சத்தம். வெளியே ஓடிவந்தபோது ஷெட்டின் கூரைவரை தீ. தொட்டிக்கு அருகில் கொக்கியோடு நின்றிருந்த ஏழுமலையின் மேல் எண்ணெய் தெறித்துப் பற்றிக்கொண்டிருந்தது. உலைப்பகுதியில் பத்தாண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர், குடும்பத்தில் முதன்முதலில் ஆலை வேலைக்கு வந்தவர். அவர் மேல் தீப்போர்வையைப் போட்டு அழுத்திக்கொண்டு தரையில் மண்டியிட்டிருந்தார் கலைவாணி. எமர்ஜென்சி பொத்தானை அடித்துவிட்டு, கன்ட்ரோல் ரூமிலிருந்து போர்வையை உருவிக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் ஓடியவர் அவர்தான். ஆட்கள் ஃபோம் சிலிண்டர்களோடு ஓடினார்கள். பத்து நிமிடத்துக்குள் தீ அடங்கிவிட்டது. ஏழுமலைக்கு வலது கை, கழுத்து, ஒரு காது.

அந்தப் பத்து நிமிடத்தில் நான் எங்கே இருந்தேன் என்பதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

கன்ட்ரோல் ரூமில் இருந்தேன். ஆள் இல்லாத அறை. திரையில் கடைசியாக வந்த லிஸ்ட் அப்படியே நின்றது. மொத்தம் பதினொரு வரி. ஃபேன், ஃபேன், ஃபேன். ஏழாவது வரியில் எண்ணெய்ச் சூடு. அதற்குக் கீழே நிச்சயமாகவா என்ற கேள்வி, பக்கத்திலேயே ஒய். நான் எழுதி வைத்த ஒய்.

வெளியே ஒருவர் வலியில் கத்துவது கேட்கிறது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மேக்ரோ பட்டியலைத் திறந்தேன். எஃப்7க்கு நேரே இருந்த வரியை அழித்தேன். சேமித்தேன். எழுந்து நாற்காலியைப் பழைய இடத்தில் தள்ளிவிட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. என் கை நடுங்கவில்லை. இன்றைக்கும் எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

நண்பர்களே, ஒய்யை உள்ளே சேர்த்தது தப்பு. ஆனால் அது நம் தொழிலில் யாருக்கும் வரக்கூடிய தப்பு. அலுப்பில், அவசரத்தில், சாமர்த்தியம் காட்டும் ஆசையில் நீங்களும் ஒருநாள் செய்வீர்கள். செய்தால் ஒப்புக்கொண்டு, திட்டு வாங்கி, திருத்திக்கொண்டு மேலே போகலாம். அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் செய்தது தப்பில் சேராது. அதற்கு வேறு பெயர். அந்த நேரத்தில் என் மனம் எவ்வளவு வேகமாக வேலை செய்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் பெண்கள் இருவரும் காலேஜில் படிக்கிறார்கள், அடுத்த மாதம் பதவி உயர்வு, இத்தனை வருட நல்ல பெயர் என்று அடுக்கிக்கொண்டே போனது. அந்த அடுக்கில் கலைவாணி ஓரிடத்திலும் வரவில்லை.

மூன்றாம் நாள் விசாரணை. தொழிற்சாலை மேலாளர், பெர்சனல் அதிகாரி, தொழில்நுட்பம் தெரிந்தவன் என்று நான். கன்ட்ரோல் ரூமிலேயே உட்கார்ந்தோம். கலைவாணி நின்றார். கையில் கட்டு. போர்வையை அழுத்தியபோது அவருக்கும் சுட்டிருந்தது. அதுவரை எனக்கு அது தெரியாது.

"அலாரம் வந்தப்போ என்னம்மா பண்ணினே?" என்று மேலாளர் கேட்டார்.

"எஃப்7 அமுக்கினேன் சார். எல்லாரும் அதத்தான் சார் அமுக்குவோம்."

"எஃப்7ன்னா?"

"அத அமுக்கினா அதுவே லிஸ்ட் போட்டு, அதுவே ஒய்யும் போட்டுடும் சார். ஃபேன் அலாரம் ஓயாம வந்துகினே இருந்திச்சி, அதுக்காக வெச்சது."

மேலாளர் எழுந்துபோய் எஃப்7ஐ அமுக்கினார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அமுக்கினார். கறுப்புத் திரையில் பச்சைக் கோடு மட்டும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. கலைவாணி முன்னால் வந்து, கட்டுப்போட்ட கையாலேயே அமுக்கினார். மூன்று தடவை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க சொல்லுங்க சார்."

எனக்கு ஒரு வாய்ப்பு தந்தார் என்றே இன்று நினைக்கிறேன். மேக்ரோ வைத்தது இந்த ஆள்தான் என்று அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானே சொல்வேன் என்று நம்பினார். அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம்.

"அப்படி ஒரு கீ இதுல செட் பண்ணவே இல்லையேம்மா" என்றேன்.

அன்று சிரித்த சூப்பர்வைசர்களை யாரும் கேட்கவில்லை, அவர்களாகவும் வந்து சொல்லவில்லை. மற்ற இரண்டு ஆபரேட்டர்களையும் கூப்பிட்டார்கள். அலாரம் லிஸ்டைப் படித்துவிட்டுத்தான் ஒய் போடுவீர்களா என்று கேட்டார்கள். படித்துவிட்டுத்தான் சார் என்றார்கள் இருவரும். படிக்காமல் போட்டேன் என்று எந்தக் கான்ட்ராக்ட் ஆள் ஒப்புக்கொள்வான்? அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் பயந்து சொன்னார்கள். நான் அப்படியில்லை, யோசித்துச் சொன்னேன்.

அறிக்கையின் தொழில்நுட்பப் பகுதியை எழுதியவன் நான். கன்ட்ரோலரின் பதிவேட்டில் லிஸ்ட் வந்த நேரமும் ஒய் வந்த நேரமும் விநாடிக் கணக்கில் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் ஒரு விநாடிகூட இல்லை. பதினொரு வரியைப் பார்த்துவிட்டு ஒரு மனிதக் கை அந்த வேகத்தில் விசையைத் தட்டவே முடியாது. விவரம் தெரிந்த எவரும் அந்தத் தாளைப் பார்த்தால் உண்மையைப் பிடித்துவிடுவார்கள். ஆகவே மணியும் நிமிடமும் மட்டும் வருகிற மாதிரி இன்னொரு பிரதி எடுத்து அதை இணைத்தேன். விநாடி உள்ள தாளைக் கிழித்துப் போட மனம் வராமல் வீட்டுக்கு எடுத்துவந்து, பழைய சான்றிதழ்களோடு ஒரு ஃபைலில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்டால் எனக்கே சரியாகத் தெரியவில்லை. "எச்சரிக்கையைப் படிக்காமலேயே ஆபரேட்டர் ஏற்றுக்கொண்டதால்" என்று அறிக்கையில் எழுதினேன். அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் கேட்டில் கலைவாணியின் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் இப்படிப்பட்ட செய்திக்குக் கால் முளைத்துவிடும். தீப்பிடிக்க வைத்தவள் என்று பெயர் பரவிவிட்டால் எந்தக் கன்ட்ரோல் ரூமில் உட்காரவைப்பார்கள்?

எனக்குப் பதவி உயர்வு வந்தது. வந்ததும் முதல் உத்தரவாக, கன்ட்ரோலர் கேட்கும் உறுதிக் கேள்விக்கு ஆள்தான் பதில் தர வேண்டும், மேக்ரோவில் அந்தப் பதிலை எழுதக் கூடாது என்று விதி போட்டேன். இன்றும் உங்கள் கன்ட்ரோல் ரூம் சுவரில் அது ஒட்டியிருக்கிறது. சாருடைய ரூல் என்று சொல்கிறீர்களாம். அது என்னுடையதல்ல. என் முகத்துக்கு நேராகக் கலைவாணி சொன்னதைத்தான், அவரை வெளியே அனுப்பிவிட்டு, என் கையெழுத்தில் ஒட்டினேன்.

ரயிலில் ஊர் தாண்டிப்போன அந்த மாலைக்குப் பிறகுதான் அவரைத் தேடினேன். பழைய ஆபரேட்டர் ஒருவர் இடம் சொன்னார். அயனம்பாக்கம் ஏரிக்குப் போகிற சாலையில் ஜெராக்ஸ் கடை. ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுத் தருவது, பஸ் பாஸ், சான்றிதழ் எல்லாம் செய்து தருகிறார். நான் போனபோது நாலைந்து பேர் காத்திருந்தார்கள். ஒரு பெரியவருக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தார். திரையை அவர் பக்கம் திருப்பி, பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி என்று ஒவ்வொன்றாகப் படித்துக்காட்டி, "கரெக்டா பாத்துக்கோங்க, அனுப்பிட்டா மாத்த முடியாது" என்று சொன்னபிறகுதான் அனுப்பினார். தலைமுடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. "உக்காருங்க சார், இவங்களை அனுப்பிட்டு வரேன்" என்றார்.

எல்லாரும் போனபின் சொன்னேன். மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்ததெல்லாம் மறந்துவிட்டது. "எஃப்7ல இருந்ததை நான்தான் அழிச்சேன். நீங்க வெளில தீயை அணைச்சிக்கிட்டு இருந்தப்போ." அன்றுதான் முதல்முறையாக அவரை நீங்க என்றேன். அவரும் கவனித்திருப்பார்.

பிரிண்டரில் தாள் அடுக்கிக்கொண்டிருந்தவர் நிறுத்தவில்லை. "தெரியும் சார்."

"எப்போலேர்ந்து?"

"கீ இல்லையேம்மான்னு சொன்னீங்களே, அப்பவே. நீங்க என்னைப் பாத்து சொல்லல. மானிட்டரைப் பாத்து சொன்னீங்க."

"ஏன் எதுத்துப் பேசல? நான்தான் வெச்சேன்னு சொல்லியிருக்கலாமே?"

இப்போதுதான் நிமிர்ந்தார். "பேசினேனே சார். எஃப்7ன்னு சொன்னேனே. அதுக்கு மேல இன்னா சொல்லணும்? கான்ட்ராக்ட்ல கீற பொம்பள பேச்ச கேப்பாங்களா, உங்க பேச்ச கேப்பாங்களா? சொல்லாதது நீங்க. என்னாண்ட வந்து ஏன் சொல்லலன்னு கேக்குறீங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்தது. அதைச் சொன்னால், பதில் சொல்ல வேண்டிய பாரம் மறுபடி அவர் தலையில்தான் விழும் என்று தோன்றியதால் சொல்லவில்லை. கம்பெனிக்குக் கடிதம் எழுதுகிறேன், உங்கள் பெயரில் இருக்கிற கறையை எடுக்கச் சொல்கிறேன் என்றேன்.

"எழுதுங்க. எழுத வேண்டியதுதான். ஆனா அதால எனக்கு ஒண்ணும் ஆவப்போறதில்ல சார், அங்க நான் திரும்பிப் போகவா போறேன்?" தாளை அடுக்கி முடித்து பிரிண்டரின் மூடியைச் சாத்தினார். "ஏழுமலை அண்ணன் இங்க ரெண்டு தெரு தள்ளித்தான் கீறாரு. பஸ் ஸ்டாப்புல, கோயில்ல, எங்க பாத்தாலும் மூஞ்சத் திருப்பிக்குவாரு. அவரு பொண்ணு கல்யாணத்துக்கு எங்க தெரு பூரா பத்திரிகை வெச்சாங்க, எங்க ஊட்டத் தவிர. எம் பையன் வந்து ஏம்மா நமக்கு வெக்கலன்னு கேட்டான். இன்னா சொல்லுவேன்? அவராண்ட போய் சொல்லுங்க சார். எனக்கு அது போதும்."

போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கடிதம் எழுதுவது சுலபமாக இருந்தது. விநாடி உள்ள அந்தத் தாளையும் வைத்து அனுப்பினேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. கலைவாணியின் பதிவில் இருந்த குற்றச்சாட்டை நீக்கிவிட்டதாகவும், இனி பயிற்சி வகுப்புகளுக்கு நான் வர வேண்டியதில்லை என்றும் எழுதியிருந்தார்கள். இரண்டும் நியாயம். அதனால்தான் இதை வகுப்பில் சொல்லாமல் எழுதித் தருகிறேன்.

ஏழுமலையைப் பார்க்க மட்டும் போகவில்லை. அந்த மாதம் முழுக்கப் போகவில்லை. மழை, முழங்கால் வலி, உறவில் ஒரு கிரகப்பிரவேசம் என்று காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது. மாங்காட்டுக்கு மனைவியோடு கோயிலுக்குப் போகும்போது பஸ் அந்தப் பக்கமாகத்தான் திரும்பும். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கடைசியில், கலைவாணி ஒருநாளும் போன் செய்து போனீர்களா என்று கேட்கவில்லையே, அதைத் தாங்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினேன்.

ஏழுமலை வாசலில் நின்று செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு காது சுருங்கி மடிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் குழாயைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"சார்! வாங்க சார், வாங்க! இன்னா சார், இம்மாந்தூரம்? சொல்லி அனுச்சிருந்தா நானே வந்திருப்பேனே!" உள்ளே பார்த்து மனைவியிடம் சொன்னார். "இந்தாம்மே, நான் சொல்லுவேனே, ஆஸ்பத்திரிக்கு மூணு தபா வந்து பாத்தாரே, அந்த சார் இவருதான்."

மூன்று தடவை போயிருக்கிறேன். ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன். எதற்குப் போனேன் என்பது எனக்குத்தான் தெரியும். உட்காரச் சொன்னார். உட்காராமல் நின்றபடியே, ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். சென்சாரை, மேக்ரோவை, ஒய்யை, நாற்காலியை, விசாரணையை, அறிக்கையை.

தண்ணீர்க் குழாய் வாசலில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மனைவி போய் அதை மூடிவிட்டு வந்து நிலைப்படியில் நின்றார்.

"அப்ப அந்தப் பொண்ணு?" என்றார் ஏழுமலை.

"அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. வேணாம்னு முன்னாடியே என்கிட்ட சொன்னவங்க அவங்கதான்."

"என் மேல போர்வ போட்டு அமுக்குனது அதுதான் சார். தெரியுமா உங்களுக்கு? அது கை வெந்து போச்சி. நான் இன்னா நென்சேன்? தப்பு பண்ணிட்டா, அத்தொட்டு பயந்துகினு ஓடியாந்து அணைக்கிறான்னு நென்சேன். இத்தினி வருசம் அப்டியே நென்சிகினு கீறேன்." அவர் குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "அது எதிர்ல வந்தா காறித் துப்பிகீறேன் சார். நடுரோட்டுல. புள்ளய கையில புடிச்சிகினு வந்திச்சி, அப்பக்கூட துப்புனேன்."

அவர் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். வலது கை முழுசாக நீளாததால் மனைவிதான் கையை உள்ளே நுழைத்துவிட வேண்டியிருந்தது. அதையும் நின்று பார்த்தேன்.

"நடங்க" என்றார். சார் என்று சொல்லவில்லை.

இரண்டு தெருதான். கடை திறந்திருந்தது. கலைவாணி எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். ஏழுமலை கடை வாசலில் செருப்பைக் கழற்றினார். ஜெராக்ஸ் கடைக்கு யாரும் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைவதில்லை. உள்ளே போய் மேசைக்கு முன்னால் நின்றார். "யம்மா" என்றார். அதற்குமேல் வரவில்லை.

"உக்காருங்கண்ணா" என்று கலைவாணி நாற்காலியை எடுத்துப் போட்டார். போட்டுவிட்டு, வாசல்படியில் நின்றிருந்த என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்தார் என்று சொல்ல முடியாது.

"நீங்க கெளம்புங்க சார்" என்றார். "நாங்க பேசிக்கிறோம்."

கிளம்பினேன்.